எழுநூற்றுச் சொச்சம் பேர் வாழும் தீவு

கிரேக்கத் தீவுகளைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாந்தோரினியையும் மிக்கோனோஸையும் நாலு வரி திட்டிவிட்டு, இன்னும் யார் கண்ணிலும் படாத தீவுகள் என்று பத்துப் பெயர்களை அடுக்குவார்கள். பத்துக்கும் வர்ணனை ஒன்றுதான். கூட்டம் இல்லை, பெரிய ஹோட்டல் இல்லை, காலம் அப்படியே உறைந்து கிடக்கிறது. அங்கே என்னவெல்லாம் இல்லை என்பதுதான் விளம்பரமே. சென்னையிலிருந்து ஏதென்ஸுக்கு ஏறத்தாழ ஆறாயிரம் கிலோமீட்டர். அவ்வளவு தூரம் பறந்து, அதற்கு மேல் ஒரு இரவு முழுக்கக் கப்பலில் கிடந்து, ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்கிறார்கள். பெயர் தெரியாத ஒரு சிறு தீவுக்குப் போவதென்றால் இதைவிட நல்ல காரணம் வேண்டும். அப்படி ஒரு காரணம் இருக்கிறது என்பதுதான் என் கட்சி. நான் எடுத்துக்கொள்ளும் தீவு திலோஸ். அங்கே பார்க்க வேண்டியது, சில நூறு பேர் சேர்ந்து தங்கள் ஊரை என்ன செய்வது என்று முப்பது ஆண்டுகளாக எடுத்துவந்த முடிவுகளை. மற்றதெல்லாம், கடற்கரை உட்பட, எனக்கு இரண்டாம் பட்சம்.

முதலில் இடம். ஈஜியன் கடலின் தென்கிழக்கு மூலையில் டோடெக்கனீஸ் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் ரோட்ஸுக்கும் கோஸுக்கும் நடுவே கிடக்கிறது திலோஸ். துருக்கியின் தாத்சா தீபகற்பம் கண்ணுக்கெட்டும் தூரம். 1912 வரை ஆட்டோமான் ஆட்சி, பிறகு இத்தாலி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947 பாரிஸ் உடன்படிக்கையின்படி கிரீஸ். பரப்பு அறுபது சதுர கிலோமீட்டர் சொச்சம். இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சாந்தோரினியின் பரப்பும் 76 சதுர கிலோமீட்டர்தான். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுத் தீவுகள். சாந்தோரினியில் 15,000 பேருக்குச் சற்று மேல் குடியிருக்கிறார்கள். 2023இல் வந்துபோன பயணிகள் சுமார் 34 லட்சம். திலோஸில் குடியிருப்பவர்கள் எழுநூற்றுச் சொச்சம் பேர். ஊர் என்று சொல்ல இரண்டுதான்: துறைமுகமான லிவாடியா, உள்ளே மலைச்சரிவில் மெகாலோ ஹோரியோ. ஆடுகளின் எண்ணிக்கை மனிதர்களைப் போலப் பல மடங்கு என்பது அங்கே போகிற எவருக்கும் முதல் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இனி அந்த அமைதி என்ற சரக்கைப் பார்ப்போம். லிவாடியாவுக்கு மேலே மிக்ரோ ஹோரியோ என்று ஒரு ஊர் இருந்தது. மேலே இருந்ததற்குக் காரணம் கடற்கொள்ளையர். கப்பலில் வருபவன் கண்ணில் எளிதில் படாத இடமாகப் பார்த்து ஈஜியன் தீவுகளில் பல ஊர்களை இப்படித்தான் கட்டினார்கள். கொள்ளையர் பயம் போன பிறகு தினமும் மலையேறி இறங்குவதில் பொருள் இல்லை. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு குடும்பமாகக் கீழே இறங்கியது. இன்னும் பலர் ஏதென்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். 1960களில் மிக்ரோ ஹோரியோ காலி. இறங்கியவர்கள் கூரை மரங்களையும் பிடுங்கிக்கொண்டு போய்ப் புது வீட்டுக்குப் போட்டுக்கொண்டார்கள் என்பார்கள். மரம் அரிதான தீவில் உத்தரம்தான் சொத்து. அதனால் இன்று அங்கே நிற்பவை சுவர்கள் மட்டும். கல் சுவர், சுவரில் மாடம், வாசல் நிலை இருந்த சதுர ஓட்டை, மேலே வானம். புகைப்படத்துக்கு அருமையான இடம் என்று பயணக் குறிப்புகள் சொல்கின்றன. ஒரு ஊர் செத்த இடம் அது என்று சொல்வதுதான் நேர்மை. மற்ற இரண்டு ஊர்களும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தன. 1991 கணக்கெடுப்பில் தீவின் மொத்த மக்கள்தொகை 300க்கும் கீழே. அந்த வருடம் போயிருந்தால் கூட்டமே இல்லாத, காலம் உறைந்த, முழு அமைதியான திலோஸைப் பார்த்திருக்கலாம். இன்னும் இருபது வருடத்தில் யாரும் இல்லாமல் போயிருக்கக்கூடிய திலோஸை.

அப்படிப் போகவில்லை. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 780. கிரேக்கத்தின் கடைக்கோடித் தீவுகள் ஆளில்லாமல் கரைந்துகொண்டிருந்த காலத்தில் இது இருபது வருடத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியது. இதற்கு ஒற்றைக் காரணம் சொன்னால் பொய்யாகிவிடும். சுற்றுலா வருமானம் ஒரு பங்கு, அரசு மானியம் ஒரு பங்கு, திரும்பி வந்தவர்கள் ஒரு பங்கு. ஆனால் இந்த முப்பது வருட வரலாற்றில் திரும்பத் திரும்ப ஒன்று கண்ணில் படுகிறது. மற்ற ஊர்கள் தயங்கும் விஷயத்தில் இந்த ஊராட்சி முன்னால் போய் நிற்கிறது. நாலைந்து முறை அப்படி நின்றிருக்கிறது.

முதலாவது, வேட்டை. கிரேக்கத் தீவுகளில் துப்பாக்கியும் நாயுமாகக் கவுதாரி சுடப் போவது ஆண்களின் பெரிய பொழுதுபோக்கு. வேட்டைக்கு என்றே வெளியிலிருந்து ஆட்கள் வருவதுண்டு, அதில் வருமானமும் உண்டு. ஆளே இல்லாமல் தவிக்கும் தீவு இருக்கிற ஒரு வருமானத்தையும் விரட்டுவது பைத்தியக்காரத்தனம் என்றுதான் தோன்றும். திலோஸில் 1993 முதல் வேட்டைக்குத் தடை. உள்ளூர் விவசாயிகள் சிலருக்கு அது பிடிக்கவில்லை, பிடிக்காததற்கு நியாயமும் இருந்திருக்கும். ஆனால் பலன் வானத்தில் தெரிகிறது. போனெல்லிக் கழுகு தங்குகிறது. எலியனோரா வல்லூறு வருகிறது. உலகில் இருக்கும் எலியனோரா வல்லூறுகளில் பெரும்பகுதி கூடு கட்டுவது கிரேக்கத் தீவுகளின் செங்குத்துப் பாறைகளில்தான். மற்ற பறவைகள் வசந்தத்தில் குஞ்சு பொரித்தால் இது கோடை முடிவில் பொரிக்கும். ஐரோப்பாவிலிருந்து தெற்கே வலசை போகும் சின்னப் பறவைகள் களைத்து வரும் நேரம் பார்த்து, அவற்றைக் கடல்மேலேயே பிடித்துக் குஞ்சுக்கு ஊட்டும் கணக்கு அது. பின்னால் தீவின் பெரும்பகுதி ஐரோப்பாவின் நத்தூரா 2000 பாதுகாப்பு வலையமைப்பில் சேர்ந்தது. இன்று பறவை பார்க்கவும் நடக்கவும் வருகிறவர்கள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வருகிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்தில் சம்பாதித்துப் பத்து மாதம் பூட்டிவைக்கும் தொழிலுக்கு இது கொஞ்சமாவது மாற்று.

இரண்டாவது, 2008. அப்போது மேயராக இருந்தவர் தாசோஸ் அலிஃபேரிஸ், தொழிலால் மருத்துவர். அந்த ஆண்டு ஜூன் 3ஆம் தேதி இரண்டு ஒருபால் ஜோடிகளுக்கு, ஒன்று ஆண்கள், ஒன்று பெண்கள், திலோஸில் பதிவுத் திருமணம் செய்துவைத்தார். கிரீஸில் அதுவே முதல். 1982ஆம் ஆண்டுப் பதிவுத் திருமணச் சட்டத்தில் ஆண், பெண் என்று குறிப்பிடாமல் நபர்கள் என்றே எழுதியிருக்கிறது, ஆகவே தடை இல்லை என்பது வாதம். அரசுத் தரப்பிலிருந்து மிரட்டல் வந்தது, திருச்சபை கொதித்தது. மறு வருடம் ரோட்ஸ் நீதிமன்றம் அந்தத் திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கிரேக்க நாடாளுமன்றம் ஒருபால் திருமணத்துக்குச் சட்டம் இயற்றியது 2024 பிப்ரவரியில். நடுவில் பதினாறு வருடம். இதைத் தீவு முழுக்க முற்போக்காளர்கள் என்பதற்குச் சான்றாகக் காட்டமாட்டேன், ஊரில் முணுமுணுத்தவர்கள் இருந்தே இருப்பார்கள். கழுகுக்கும் திருமணத்துக்கும் நேர்ச் சம்பந்தமும் கிடையாது. ஏதென்ஸ் என்ன நினைக்கும் என்று காத்திராமல் முதலில் செய்துபார்க்கும் துணிச்சல் ஒரு சின்ன ஊராட்சிக்கு இருந்தது என்பதற்குத்தான் இது சான்று.

மூன்றாவது மின்சாரம். இங்கே கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் திலோஸ் என்ற பெயர் கிரீஸுக்கு வெளியே அடிபட்டதே இதனால்தான். தீவுக்கு மின்சாரம் கோஸ் தீவின் எண்ணெய் எரிக்கும் மின்நிலையத்திலிருந்து நிசிரோஸ் வழியாகக் கடலடிக் கம்பியில் வந்துகொண்டிருந்தது. கம்பிக்குக் கடைசி முனை திலோஸ். நடுவில் எங்கே கோளாறு என்றாலும் முதலில் இருட்டாவது கடைசி வீடு. ஆகஸ்டில், விடுதிகள் நிரம்பி, குளிர்பதனப் பெட்டியில் மீன் அடுக்கியிருக்கும்போது மின்சாரம் போனால் அந்த வருட லாபமே போய்விடும். 2015இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைஸன் 2020 நிதியில், ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் கல்விக்கூடம் ஒன்றின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. 800 கிலோவாட் காற்றாலை ஒன்று, 160 கிலோவாட் சூரியத் தகடுகள், 2.4 மெகாவாட் மணி கொள்ளும் பேட்டரி. ஆட்டுப் பட்டிகளுக்கு நடுவே நிற்கும் கன்டெய்னர்களுக்குள் அந்தப் பேட்டரி இருக்கிறது.

பேட்டரி எந்த வகை என்பதைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. செல்போனில் இருக்கும் லித்தியம் வகை அல்ல, சோடியம் நிக்கல் குளோரைடு. மூலப்பொருள் சாப்பாட்டு உப்பும் நிக்கலும். மின்சாரம் ஏற்றும்போது உப்பு பிரிந்து சோடியம் ஒரு பக்கமும் நிக்கல் குளோரைடு இன்னொரு பக்கமும் ஆகின்றன, எடுக்கும்போது மறுபடி உப்பாகிறது. உள்ளே சோடியம் உருகிய நிலையில் இருக்கும், 250 டிகிரிக்கு மேல் சூட்டிலேயே ஓடும். அவ்வளவு சூடு உள்ளே இருப்பதால் வெளியே ஜூலை வெயில் எவ்வளவு அடித்தாலும் அதற்கு உறைக்காது, ஏசி போட்டுக் காப்பாற்ற வேண்டியதில்லை. தீவுக்குப் பொருத்தமான தேர்வு. வீடுகளில் திறன் மீட்டர் வைத்து, வெந்நீர் ஹீட்டர், தண்ணீர் மோட்டார் போன்றவற்றைக் காற்று நன்றாக அடிக்கும் நேரத்துக்குத் தள்ளிப்போடும் ஏற்பாடும் இதோடு சேர்ந்தது. 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் எரிசக்தி விருது கிடைத்தது. ஆண்டு முழுவதும் தீவின் முழுத் தேவையையும் இதுவே தருகிறது என்று சில செய்திகள் எழுதுகின்றன, அது மிகை. பழைய கடலடிக் கம்பி இன்னும் இருக்கிறது. காற்று குறைந்தால் கோஸிலிருந்து வரும், மிஞ்சினால் கோஸுக்குப் போகும். ஆனால் கடைசி வீடாக இருந்து வாங்கிக்கொண்டிருந்தவன் திருப்பிக் கொடுக்கவும் தொடங்கியிருக்கிறான் என்பதே பெரிய மாற்றம்.

நான்காவது குப்பை. கிரீஸுக்கு இது மானக்கேடான சங்கதி. சட்டவிரோதக் குப்பைமேடுகளை மூடாததற்காக ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் அந்த நாட்டுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டு, மூடும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலும் கட்டு என்றது. தீவுகளில் குப்பை இன்னும் சிக்கல். கப்பலில் வரும் எல்லாமே பெட்டியோடும் பாட்டிலோடும் வருகின்றன, காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்பக் கூலி கட்டுப்படியாகாது. பள்ளத்தில் கொட்டி மண்ணைத் தள்ளுவதே வழக்கம். திலோஸிலும் அதுதான் நடந்தது. 2021 டிசம்பரில் பாலிகிரீன் என்ற கிரேக்க நிறுவனத்தோடு சேர்ந்து ஊராட்சி வேறு வழிக்கு வந்தது. தெருக் குப்பைத்தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு மூன்று பை: மக்கும் குப்பைக்கு ஒன்று, தாள், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடிக்கு ஒன்று, எதிலும் சேராததற்கு ஒன்று. பையில் வீட்டுக்குரிய குறியீடு இருக்கும், வாசலுக்கு வண்டி வந்து எடுக்கும், எந்த வீட்டுப் பையில் என்ன என்று கணக்கு ஏறும். பழைய குப்பைமேடு இருந்த இடத்தில் பிரித்துக் கட்டும் நிலையம் வந்தது. மக்குவது உரமாகிறது, மற்றது கட்டுக்கட்டாகக் கப்பலேறுகிறது. எண்பது சதவீதத்துக்கு மேல் குப்பை புதைகுழிக்குப் போகாமல் தப்புகிறது என்கிறார்கள். இந்தக் கணக்கை வெளியிடுகிறவர்கள் திட்டத்தை நடத்துகிறவர்களே, ஆகவே அதை அவர்கள் வாக்காகவே எடுத்துக்கொள்கிறேன். பயணிக்கு இதில் என்ன என்றால், வாடகை அறையில் பை வைத்திருப்பார்கள், நீங்களும் பிரித்துத்தான் ஆக வேண்டும். குளியலறையில் சோப்பு எங்கே என்று காட்டுவதற்கு முன்னால் இந்தப் பாடம் நடக்கலாம். விடுமுறைக்கு வந்த இடத்தில் இது என்ன தொந்தரவு என்று நினைப்பவர்களுக்கு வேறு தீவுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

ஐந்தாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015இல் சிரியா போரிலிருந்து தப்பி துருக்கிக் கரை வழியாக ரப்பர் படகுகளில் வந்தவர்களில் ஒரு பகுதி திலோஸிலும் இறங்கினார்கள். லெஸ்போஸில் மொரியா முகாம் எப்படி வீங்கி, 2020இல் எப்படி எரிந்தது என்பது உலகம் அறிந்தது. திலோஸ் தன் பங்குக்குச் சில பத்துப் பேரைக் குடும்பமாக வைத்துக்கொள்ள முன்வந்தது. மேயர் மரியா கம்மா வெளிப்படையாகவே சொன்னார், ஆட்கள் வேண்டும், குழந்தைகள் பள்ளிக்கு வேண்டும் என்று. சிலர் விடுதிகளிலும் கடைகளிலும் வேலை பார்த்தார்கள். பலர் காகிதம் கிடைத்ததும் ஜெர்மனிப் பக்கம் கிளம்பிவிட்டார்கள், அது எதிர்பார்க்க வேண்டியதே. எண்ணிக்கை சிறியது. ஆனால் 700 பேர் ஊரில் ஐம்பது பேர் என்பது என்ன விகிதம் என்று போட்டுப் பாருங்கள். எந்தப் பெரிய ஐரோப்பிய நாடும் அதன் பக்கத்தில் வராது.

இதற்கெல்லாம் முதலில் வரக்கூடிய எதிர்வாதம், இது ஐரோப்பியப் பணத்தின் வேலை, ஊராரின் வேலை அல்ல என்பது. மின்திட்டத்துக்கு மட்டும் ஒரு கோடி யூரோவுக்கு மேல் ஒன்றியம் கொடுத்தது. தலைக்கு வகுத்தால் கண்ணைக் கட்டும். கப்பலே மானியத்தில்தான் ஓடுகிறது. லாபமில்லாத தீவு வழித்தடங்களுக்கு அரசு பணம் கொடுக்கிறது, தரைவழிச் செலவுக்கும் கடல்வழிச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தீவுவாசிகளுக்கு ஈடுகட்ட 2018இல் தனிச் சட்டமே வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் பணம் எல்லாத் தீவுகளுக்கும்தான் வந்தது, பெரும்பாலும் எங்கே போனது என்றால் சாலைக்கும் துறைமுகச் சுவருக்கும். வேட்டைத் தடைக்கு ஒரு யூரோவும் தேவைப்படவில்லை. 2008 திருமணங்களுக்கு எந்த மானியமும் வரவில்லை, வழக்குதான் வந்தது. ஒரு ஆராய்ச்சித் திட்டம் தன் காற்றாலையை வைக்க இடம் தேடும்போது, பல தீவுகளில் காற்றாலை என்றாலே ஊர்வலம் கிளம்பும் நாட்டில், சரி வா என்று சொல்லும் ஊர் கிடைப்பது லேசல்ல. அந்தச் சம்மதம் பணத்தால் வாங்கியது என்று சொல்லலாம். பணத்தை வாங்கிக்கொண்டு எதிர்த்த ஊர்களும் உண்டு.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது: 700 பேர் ஊரில் எதுவும் சுலபம், இதிலிருந்து பெரிய ஊர்களுக்கு என்ன பாடம்? இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வீட்டு வீட்டுக்குப் பை கொடுத்துக் கணக்கெழுதுவது மதுரையிலோ ஏதென்ஸிலோ அதே மாதிரி நடக்காது. நடக்கும் என்று சொல்கிறவர்கள் திட்டத்தை விற்க வந்தவர்கள். அந்த உப்புப் பேட்டரியும் தீவு தீவாகப் பரவவில்லை. கிரேக்க அரசின் பெரிய வழி வேறு: சைக்லடீஸ் தீவுகளில் பெரும்பாலானவற்றையும் கிரீட்டையும் கடலடிக் கம்பியால் நிலப்பகுதி மின்வலையோடு இணைத்தாகிவிட்டது, கோஸ் வரையும் அப்படி ஒன்றை இழுக்கத் திட்டம் இருக்கிறது. வந்துவிட்டால் திலோஸின் பேட்டரி ஒரு சின்னத் துணையாக ஆகிப்போகலாம். ஆனால் சிறிது என்றால் சுலபம் என்ற மற்ற பாதியை ஏற்க மாட்டேன். சிறிய ஊரில் மின்பொறியாளர் கிடையாது, பழுதுபார்க்க ஆள் கப்பலில்தான் வர வேண்டும். காற்றின் வேகம் போஃபர்ட் அளவுகோலில் எட்டைத் தொட்டால் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பாது. எல்லாவற்றுக்கும் மேலே, எழுநூறு பேரில் எதிர்ப்பவன் உங்கள் மைத்துனனாகவோ ரொட்டிக்கடைக்காரனாகவோ இருப்பான், நாளைக் காலையில் அவன் முகத்தில் விழித்தாக வேண்டும். வேட்டைத் துப்பாக்கியைத் தொங்கவிடச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்பது எந்த அளவு ஊருக்கும் சின்ன வேலை அல்ல.

மூன்றாவதாக ஒரு பயணி கேட்கலாம்: நான் என்ன பஞ்சாயத்துத் தணிக்கையா செய்யப் போகிறேன், எனக்குப் பார்க்க என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. ஹர்காதியோ குகை இருக்கிறது. 1971இல் அங்கே தோண்டத் தொடங்கிய ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தார் யானை எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். சாதாரண யானை அல்ல, குட்டை யானை. ஐரோப்பா முழுக்கத் திரிந்த நேர்தந்த யானை தோளுயரம் நாலு மீட்டர் வரை போகும். அதன் வழிவந்த கூட்டம் ஒன்று நீந்தி வந்து தீவில் மாட்டிக்கொண்டது. தின்ன இருப்பதோ கொஞ்சம், பயப்படப் புலியோ சிங்கமோ இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சின்னதாகிச் சின்னதாகி ஒரு மனிதர் எட்டிப் பிடித்துவிடும் உயரத்துக்கு வந்து நின்றது. 2007இல் அதற்குத் தீவின் பெயரையே வைத்துத் தனி இனமாக அறிவித்தார்கள். ஐரோப்பாவில் கடைசியாக வாழ்ந்த யானைகள் இவையே என்பது பரவலான கருத்து. கடைசி ஆண்டு எது என்பதில் ஆய்வாளர்களிடையே தகராறு இருக்கிறது, ஆனால் மனிதன் தீவுகளில் ஏறிய காலம்வரை அவை இருந்திருக்கக்கூடும் என்பதே போதிய வியப்பு. குகைக்குப் பக்கத்தில் எலும்புகளை வைத்துச் சிறு காட்சியகம் இருக்கிறது.

பழங்காலக் கவிஞர் எரின்னாவும் திலோஸ்காரி என்று ஒரு மரபு உண்டு. பத்தொன்பது வயதில் இறந்துபோனவள். தோழி பாவ்கிஸ் இறந்ததற்காக அவள் பாடிய நெடும்பாட்டு நூற்றாண்டுக் கணக்கில் பெயராக மட்டும் இருந்தது. 1928இல் எகிப்தில் கிழிந்த பாப்பிரஸ் ஒன்றில் கொஞ்சம் அகப்பட்டது. வேறு இரண்டு மூன்று ஊர்களும் அவளுக்கு உரிமை கோருகின்றன, அந்த வழக்கு எப்போதும் தீராது. பிறகு மெகாலோ ஹோரியோவுக்கு மேலே புனித யோவான் வீரர்களின் கோட்டை, வடமேற்கு மூலையில் பான்டெலெய்மோன் மடாலயம், ஜூலை 25 முதல் அதன் திருவிழா, எரிஸ்டோஸ் நீள்கடற்கரை, கல் பாவிய பழைய ஒற்றையடிப் பாதைகள். மே மாதத்தில் நடப்பவர்களுக்கு இது போதும் போதும் என்றிருக்கும். கடை கடையாக ஏறி இறங்க நினைப்பவர்களுக்கு இரண்டாம் நாளே அலுத்துவிடும், அதை மறைத்துப் பயனில்லை.

கடைசியாக இருப்பது எழுதுகிறவர்கள் எல்லோரும் தங்களையே கேட்டுக்கொள்ளும் ஒன்று. இப்படி எழுதி எழுதித்தானே சாந்தோரினி சாந்தோரினி ஆனது, திலோஸையும் அப்படிக் கெடுப்பானேன்? எழுத்துக்கு அவ்வளவு சக்தி இருப்பதாக நினைப்பது எழுதுகிறவர்களின் கர்வம். சாந்தோரினியை நிரப்பியது அதன் சர்வதேச விமான நிலையமும் உல்லாசக் கப்பல்களும். 2024 ஜூலையில் ஒரே நாளில் கப்பல் பயணிகள் மட்டும் சுமார் 11,000 பேர் அங்கே இறங்கினார்கள். பின்னர் நாளைக்கு 8,000 என்று வரம்பு கட்டினார்கள், 2025 கோடை முதல் உச்சப் பருவத்தில் தலைக்கு 20 யூரோ வரியும் போட்டார்கள். இவை எல்லாம் யாரோ முன்பு அனுமதித்ததன் விளைவைப் பின்னால் துரத்துவது. திலோஸில் விமான நிலையம் கிடையாது. பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் ஏறத்தாழ ஒரு இரவும் அதற்கு மேலும், ரோட்ஸிலிருந்து கட்டமரானில் இரண்டு மணி நேரம், அதுவும் வாரத்தில் எல்லா நாளும் இல்லை. இந்த வாசலை எவ்வளவு அகலம் திறப்பது என்பது அங்கே இருப்பவர்கள் கையில் இருக்கிறது, இதுவரை அவர்கள் எடுத்த முடிவுகளைப் பார்த்தால் என் வலைப்பதிவுக்குப் பயந்து அவர்களைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் தெரியவில்லை. ஒருவேளை நாளைக்கே பெரிய ஹோட்டல் வேண்டும் என்று முடிவெடுத்தால், அதைத் தடுக்கும் உரிமை அழகை ரசிக்க வந்துபோகும் நமக்கு உண்டா என்பது வேறு கேள்வி. உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை. சாகும் ஊரில் உட்கார்ந்து அமைதியை நமக்காகக் காத்துவைத்திரு என்று யாரிடமும் கேட்க முடியாது.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, வாங்கும் பாடு தனி. அவ்வளவு பாடுபட்டு வருகிறவர் சாந்தோரினியை விட்டுவிட்டு இங்கே மட்டும் வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், முதல்முறை கிரீஸ் என்றால் ஏதென்ஸும் ரோட்ஸும் பார்த்துவிட்டு ரோட்ஸிலிருந்து தாண்டி வரலாம். ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடகாற்று கப்பல் அட்டவணையைக் கலைத்துவிடும், அந்த மாதங்களில் மறுநாளே விமானம் இருக்கும்படி டிக்கெட் போட வேண்டாம். ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்லது. ஒரு பகலில் வந்து திரும்புகிறவர் துறைமுகத்தில் ஒரு காபி குடித்துவிட்டுப் போகிறார், ஊருக்கு அவரால் பெரிய லாபமில்லை. நாலு இரவு தங்கினால் அறைக்காரருக்கும் உணவுக்கடைக்கும் கொஞ்சம் நிற்கும், பருவம் அல்லாத மாதம் என்றால் அந்தக் காசு இரட்டிப்பு மதிப்பு, ஏனென்றால் அப்போதுதான் ஒரு கடை பூட்டுவதா, திறந்து வைப்பதா என்று கணக்குப் பார்க்கும். நிறைய நடக்க வேண்டியிருக்கும், நல்ல செருப்பு கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பாட்டில்களைக் கூடியவரை ரோட்ஸிலேயே விட்டுவிட்டு வந்தால், பிரிக்க வேண்டிய பை ஒன்று குறையும்.